மூன்றாம் வளைவில் ஒரு முனகல்

மகளே,

ஜீப் சாவி உன் கைக்கு வருவதற்கு முன்னால் இந்தக் கடிதத்தை நீ வாசித்து முடித்திருக்க வேண்டும். புதன்கிழமை காலையில் வில்கமுவவுக்குப் புறப்படுகிறாய். மருத்துவ மாது வேலை, அரசாங்க நியமனம். லயத்து வரிசை வீட்டில் பிறந்த பிள்ளை என்று நான் மார்தட்டிச் சொல்லாத ஆள் இந்தத் தோட்டத்தில் பாக்கி இல்லை. பஸ் எப்போது வரும் என்று பஸ்காரனுக்கே தெரியாத ஊர் அது. மழை பெய்தால் வயல் பாதையெல்லாம் சேறு. பிரசவ வலி வந்தவள் பஸ்ஸுக்காகக் காத்திருக்க மாட்டாள். அதனால்தான் ஜீப்பைத் தருகிறேன். போகிற அன்று பாக்கியம் அத்தையை முன் சீட்டில் ஏற்றிக்கொண்டு போய் ஒரு மாதம் கூட வைத்துக்கொள்ள ஆசைப்பட்டாய். "அந்த வண்டியில நான் ஏறமாட்டேன் சாமி, என்னால ஒரு உசுரு போனது போதும்" என்று அவள் சொல்லிவிட்டாள். நீ என்னிடம் வந்து, "நீங்க சொன்னா கேப்பாங்க, ஒரு வார்த்த சொல்லுங்கப்பா" என்று கெஞ்சினாய். நான் உன்மேல் எரிந்து விழுந்தேன். சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனேன்.

உன்மேல் எனக்கு என்ன கோபம்? ஒன்றும் இல்லை. உன் ராசு மாமா செத்ததற்கு ரோதமுனி சாமி காரணமில்லை. அவன் பெண்டாட்டி பாக்கியம் அத்தையும் காரணமில்லை. நான்தான் காரணம். பதினொரு வருஷமாக இதை வாய்க்குள் வைத்துக்கொண்டு, அந்தப் பொம்பிளை தலையில் பழி நிற்பதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன், தூங்கினேன். இப்போது அதே ஜீப்பில் நீ போகப்போகிறாய். சொல்லாமல் சாவியைக் கொடுத்தால் நான் மனுஷனே இல்லை. எண்ணெய் பற்றியும் சொல்ல வேண்டும், பாவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டும் ஒன்றுதான் என்பது போகப் போக உனக்கே விளங்கும்.

முதலில் வண்டியைப் புரிந்துகொள். வளைவில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் குறைவாக ஓடும், வெளிப்பக்கச் சக்கரம் கூட ஓடும். அந்த வித்தியாசத்தைச் சமாளிக்கத்தான் பின் அச்சின் நடுவில் பூசணிக்காய் மாதிரி உருண்டையாக டிபரன்ஷல் தொங்குகிறது. சாதாரண வண்டியில் ஒரு சக்கரம் சேற்றில் இறங்கினால் எஞ்சின் பலம் முழுவதும் அந்தச் சக்கரத்துக்கே ஓடிவிடும். அது சும்மா கிடந்து சுற்றும், நல்ல தரையில் நிற்கிற சக்கரம் வேடிக்கை பார்க்கும். நம் ஜீப் அப்படி இல்லை. உள்ளே வட்டத் தட்டுகள் அடுக்கியிருக்கின்றன. ஒரு சக்கரம் வழுக்க ஆரம்பித்தால் அந்தத் தட்டுகள் ஒன்றையொன்று கவ்விப் பிடித்து, தரையில் நிற்கிற சக்கரத்துக்கும் பலத்தை அனுப்பும். இதைத்தான் எல்.எஸ்.டி. என்கிறார்கள். கவ்வவும் வேண்டும், வளைவில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கவும் வேண்டும். அந்த அளவு எண்ணெயின் கையில் இருக்கிறது. எண்ணெய் பிழையானால் எல்லாம் பிழையாகும்.

தோட்டம் கழித்துப்போட்ட வண்டியை நானும் ராசுவும் சேர்ந்து வாங்கினோம். அவன் உன் அம்மாவின் தம்பி என்பதைவிட எனக்குக் கூட்டாளி. நான் பெக்டரியில் பிட்டர். மெசினைக் கழற்றிப் பூட்டுவது என் வேலை, வண்டி ஓட்டுவது அவன் வேலை. மேல் டிவிஷன் சனங்களை எல்கடுவ கடைத்தெருவுக்கும், அங்கிருந்து மாத்தளை ஆஸ்பத்திரிக்கும் ஏற்றி இறக்கினோம். வாங்கிய புதிதில் எல்லா எண்ணெயையும் மாற்றினேன். டிபரன்ஷல் மூடிப் பக்கத்தில் ஒரு சின்னத் தகடு இருந்தது. இந்த எண்ணெய்தான் ஊற்ற வேண்டும் என்று இங்கிலீசில் எழுதியிருந்தது. எனக்கு வாசிக்கத் தெரியாமல் இல்லை, மதிக்கத் தெரியவில்லை. இருபது வருஷம் ரோதைச் சக்கரத்தோடு புரண்டவனுக்குத் தகடு வந்து பாடம் சொல்வதா என்ற கொழுப்பு. டிராக்டருக்கு ஊற்றுகிற தொண்ணூறாம் நம்பர் எண்ணெயை எடுத்து ஊற்றி மூடியை இறுக்கிவிட்டேன்.

இரண்டு வாரத்தில் சத்தம் ஆரம்பித்தது. நேர் ரோட்டில் ஒன்றும் இல்லை. மெதுவாகத் திரும்பினால் மட்டும் பின் சீட்டுக்குக் கீழே இருந்து வரும். கடகடப்பு இல்லை, கிறீச்சு இல்லை. வாயைத் துணியால் பொத்தி வைத்த மனுஷன் முனகுவது போல, 'ம்ம்ம்' என்று இழுக்கும். வண்டியின் அடிவயிற்றில் நடுக்கம் தெரியும். மேல் டிவிஷன் பாதையில் மூன்றாம் வளைவுதான் ஆகக் குறுகலானது, அதனால் அங்கேதான் சத்தம் பலமாகக் கேட்டது. அந்த வளைவின் ஓரத்தில் முனிக்கல் நிற்கிறது என்பதும் உனக்குத் தெரியும். பனி மூடிய நாட்களில் கல் தெரியாது, முனகல் மட்டும் கேட்கும். லயத்து நாய்கள் அந்த இடம் வரைக்கும் குரைத்துக்கொண்டே ஓடி வந்து, சத்தம் கேட்டதும் வாலை ஒடுக்கிக்கொண்டு திரும்பிவிடும். சனங்கள் முந்தின வளைவிலேயே இறங்கி நடக்க ஆரம்பித்தார்கள்.

"பாஸு வண்டியில முனி ஒக்காந்துருக்கு" என்று, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் என்னைப் பற்றிப் பேச்சு. ரோதமுனி நம்முடைய சாமி. பெக்டரியில் ரோதை சுற்றினால் அங்கே அவன் இருக்கிறான். வருஷத்துக்கு ஒருநாள் மெசினை நிறுத்தி, பொட்டு வைத்து, சேவல் அறுத்து, சுருட்டும் சாராயமும் வைத்துக் கும்பிடாமல் எந்தப் பிட்டரும் ஸ்பேனரைத் தொடமாட்டான். நானும் தொட்டதில்லை. உண்மையைச் சொல்கிறேன், மற்றவர்களைவிட நான்தான் அதிகம் பயந்தேன். மூன்றாம் வளைவில் தனியாக வண்டி ஓட்டிப் பார்த்தபோது முனகல் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. திரும்பிப் பார்க்க எனக்கு நெஞ்சு வரவில்லை. ராசு சிரித்தான். "என்ன மச்சான், ஊருக்கே மெசினு பாக்குற ஆளு, சொந்த வண்டிக்குப் பயந்து சாகுறீங்க? கழட்டிப் பாருங்க" என்றான். எனக்கு மானம் போய்விட்டது.

மாத்தளை டவுனுக்குப் போய் உதிரிப்பாகக் கடை முஸ்லிம் நானாவிடம் சத்தத்தைப் பற்றிச் சொன்னேன். அந்த மனுஷன் கேட்ட முதல் கேள்வியே என்ன எண்ணெய் ஊற்றினாய் என்பதுதான். சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார். "யா அல்லாஹ்! பாஸ், அந்த எண்ணெய்ல தட்டு வழுக்கிக் குடுக்காது. கவ்வுறதும் விடுறதுமா அதிரும். அதுதான் முனகுது. பேயும் இல்ல பிசாசும் இல்ல" என்றார். பழையதை வடித்துவிட்டு எல்.எஸ்.டி. எண்ணெய் ஊற்றச் சொன்னார். அது அன்றைக்குக் கடையில் இல்லை. அடுத்த வாரம் வரும் என்றார். அதுவரை சமாளிக்க, உரசலை மட்டுப்படுத்தும் மருந்து ஒன்று, சின்னப் போத்தலில் இருந்தது. "இதுல பாதி ஊத்துங்க. ஊத்திட்டு வெட்டவெளியில எட்டுப் போட்டு ஓட்டுங்க. அப்பதான் தட்டுக்கு நடுவுல போய்ச் சேரும். பொறகும் சத்தம் இருந்தா இன்னும் கொஞ்சம். கூட ஊத்த வாணாம் பாஸ், கூடினா சத்தமும் வராது, பிடியும் இருக்காது" என்றார். இரண்டு போத்தல் வாங்கினேன். எதற்கு இரண்டு என்று கேட்டார். கையில் இருக்கட்டும் என்றேன்.

அடுத்த நாள் ரோதமுனி பூசை. ஊரே கூடும் இடத்துக்கு என் வண்டி முனகிக்கொண்டு வரக் கூடாது. அது ஒன்றுதான் என் மண்டையில் இருந்தது. பாதிப் போத்தல் ஊற்றினேன். எட்டுப் போட்டு ஓட்டவில்லை, அதற்குப் பொறுமை இல்லை. கொட்டிலுக்கு முன்னால் ஒரு திருப்பு திருப்பிப் பார்த்தேன், முனகியது. மிச்சத்தையும் ஊற்றினேன். குறைந்தது, ஆனால் போகவில்லை. இரண்டாம் போத்தலையும் கவிழ்த்தேன். நின்றுவிட்டது. அப்படி ஒரு அமைதி. நான் நெஞ்சில் கைவைத்து முனிக்கு நன்றி சொன்னேன், மகளே. வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொன்னேன். தட்டுகள் ஏற்கெனவே தேய்ந்தவை, அதன்மேல் நான் ஊற்றிய இரட்டை மருந்து. கவ்வ வேண்டிய பல்லை நானே பிடுங்கிவிட்டு, வண்டி நல்லாகிவிட்டது என்று ராசுவிடம் சாவியைக் கொடுத்தேன்.

பூசை அன்று பின்னேரம் மழை. மேல் டிவிஷன் ஆட்களை ஏற்றி வர ராசு தனியாகத்தான் போனான். மூன்றாம் வளைவில் உள்பக்கச் சக்கரம் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கியிருக்கிறது. எத்தனையோ முறை இறங்கிய கான்தான். மறு சக்கரம் கவ்வித் தூக்கிவிடும் என்று அவனுக்குத் தெரியும், அந்த நம்பிக்கையில் ஆக்ஸிலேட்டரை அமுக்கியிருக்கிறான். கானில் இறங்கிய சக்கரம் கிடந்து சுற்றியது, மறு சக்கரம் அசையவில்லை. வண்டி பின்னால் வழுக்கியது. களிமண்ணில் பிரேக் பிடிக்கவில்லை. மிளகுக் கொடிகளுக்கு நடுவே பள்ளத்தில் கவிழ்ந்து கிடந்தது. நாங்கள் ஓடிப் போனபோது ராசுவுக்கு மூச்சு இல்லை.

அவனைத் தூக்கிக் கொண்டுபோன பிறகும் சனம் அங்கேயே நின்றது. பூசைக்குத் தப்பு மேளம் அடித்தவர்கள் தப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்கள். வண்டி தலைகீழாக, நான்கு சக்கரமும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கியர் இன்னும் முதலாவதில்தான் விழுந்திருந்தது. எனக்குச் சந்தேகம். பின்சக்கரம் ஒன்றில் கைவைத்தேன். நல்ல எல்.எஸ்.டி.யாக இருந்தால் அப்படி வைத்துக் கையால் சுற்ற முடியாது, மல்லுக்கட்டும். அது பஞ்சு போலச் சுற்றியது. நான் இந்தப் பக்கச் சக்கரத்தை முன்னால் சுற்ற, அந்தப் பக்கச் சக்கரம் பின்னால் சுற்றியது. பிடி சுத்தமாகப் போய்விட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. ஆனால் வண்டிக்கு அந்தப் பக்கம் நின்ற சனம் என் கையைப் பார்க்கவில்லை. கவிழ்ந்து கிடந்த வண்டியின் சக்கரம், தொட ஆளில்லாமல், சத்தமே இல்லாமல், தலைகீழ்ப் பக்கமாகச் சுற்றுவதைத்தான் பார்த்தார்கள். "ஐயோ, முனி இன்னும் எறங்கலடா!" என்று பூசாரி கத்தினார். எல்லாரும் பின்வாங்கினார்கள்.

கையை எடுத்து, "நான்தான் சுத்தினேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. சொன்னால் ஏன் சுற்றினாய் என்று கேட்பார்கள். அந்த நேரத்தில்தான் பாக்கியம் ஓடி வந்தாள், தலைமுடி அவிழ்ந்து, சேலையெல்லாம் சேறு. "நான்தாங்க! நான்தான் காலையில ஏறுனேன்! தூரமா இருந்தேங்க, காய்ச்ச மருந்து வாங்க ஏறிட்டேன், பூசைனு தெரிஞ்சும் ஏறிட்டேன்!" என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். மூன்று நாள் விலக்கோடு முனி பூசை வண்டியில் ஏறியவள் என்று அதோடு முடிவாகிவிட்டது. செய்யாத குற்றத்தை அவள் ஊர் முன்னால் ஒத்துக்கொண்டாள். செய்தவன் நான் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஊமையாக நின்றேன். அன்றைக்கு நீ ஏழாம் வகுப்பு. அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு மேட்டில் நின்றாய். உன் அம்மா அன்றிலிருந்து தம்பி பெண்டாட்டி வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. பூசை நாளில் பாக்கியம் பெக்டரிப் பக்கம் வரக் கூடாது என்று மிளகுத் தோட்டத்து வழியாகச் சுற்றிப் போகச் சொன்னார்கள். பதினொரு வருஷமாக அந்த ஒரு நாள் சுற்றித்தான் போகிறாள்.

அன்று இரவே அந்த இரண்டு வெற்றுப் போத்தல்களையும் கொட்டிலின் மண் தரையில் புதைத்தேன். டிராக்டர் கட்டி வண்டியை மேலே இழுத்தோம். தட்டுகளை மாற்றி, சரியான எண்ணெய் ஊற்றினேன். அதற்குப் பிறகு வண்டி ஒழுங்காகத்தான் ஓடுகிறது. ஆனால் மகளே, வண்டி கொட்டிலில் நிற்கும். நான் வேலை முடிந்து பனிக்குள்ளே நடந்து வருவேன். மூன்றாம் வளைவில் அந்த 'ம்ம்ம்' கேட்கும். பின்னால் வண்டி எதுவும் இருக்காது. காற்று மூங்கிலில் உரசுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அந்த வளைவில் மூங்கில் கிடையாது என்பதும் எனக்குத் தெரியும். எண்ணெயால் வந்த முனகலுக்கு எண்ணெய் பதில் சொன்னது. இந்த முனகலுக்கு நான்தான் பதில் சொல்லியாக வேண்டும்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டுக்குப் போனேன். வாசலில் சாக்கு விரித்து மிளகு காய வைத்துக்கொண்டிருந்தாள். "வாங்கண்ணே, ஒக்காருங்க" என்றாள். உட்காரவில்லை. நின்றபடியே கொட்டினேன். பிழையான எண்ணெய் ஊற்றியது, பயந்தது, கடை நானா சொன்னது, அவர் சொன்ன அளவுக்கு மேல் மருந்து ஊற்றியது, சக்கரத்தைச் சுற்றியது என் கைதான் என்பது. எத்தனை போத்தல் என்று நான் சொல்லவில்லை. அவள் மிளகைத் துழாவிக்கொண்டே கேட்டாள். முகத்தில் அழுகையும் இல்லை, ஆத்திரமும் இல்லை. கடைசியில் தலையைத் தூக்காமலே கேட்டாள். "ரெண்டு போத்தலாண்ணே?"

"ஒனக்கு யாரு சொன்னது தங்கச்சி?" என்றேன். "நெதமும் அந்த வளைவுலதானே நடந்து போறேன்" என்றாள், அவ்வளவுதான். அதற்குமேல் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. இன்று காலை கொட்டிலில் தோண்டிப் பார்த்தேன். இரண்டு போத்தலும் நான் வைத்தபடியே பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. மேலே மண் கல்லாக இறுகியிருந்தது. மனுஷக் கை பட்ட அடையாளம் இல்லை. கடை நானா போன வருஷமே இறந்துவிட்டார். அவரைத் தவிர அந்த எண் யாருக்கும் தெரியாது.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "எனக்கு மட்டும் வந்து சொன்னா எப்படிங்கண்ணே? என்னைய ஒதுக்குனது ஊரு முன்னாடிதானே? அங்க சொல்லுங்க. அப்பறம் புள்ளகூட ஏறுறேன்" என்றாள். நியாயம். நாளை செவ்வாய்க்கிழமை பூசை. ரோதையை நிறுத்தி எல்லாரும் கூடிய பிறகு, சேவல் அறுக்கும் முன்னால், இந்தக் கடிதத்தை உரக்க வாசிக்கப் போகிறேன். நாக்குப் புரண்டு பேச்சு மாறிவிடக் கூடாது என்றுதான் எழுதி வைக்கிறேன். அடிப்பார்களோ, துப்புவார்களோ, செய்யட்டும். உன் அம்மா என்ன செய்வாள் என்பதுதான் பயம். நீ மட்டும் இதை இன்றைக்கே, என் கையால் வாங்கி வாசிக்க வேண்டும். அப்பா ஊர் வாயில் விழுவதற்கு முன்னால் உன் காதில் விழ வேண்டும்.

இனி வண்டிக்காரியாகக் கேள். சனிக்கிழமை பழைய எண்ணெயை வடித்துவிட்டேன். புதிதாக ஊற்றியது எல்.எஸ்.டி. எண்ணெய், மருந்து கலந்தே வருகிறது. அதன்மேல் நீ ஒரு சொட்டுக்கூடக் கூட்டாதே. வில்கமுவவில் எவனாவது மெக்கானிக் பாஸ், "மிஸ், இதையும் ஊத்தினா நல்லது" என்று போத்தலை நீட்டினால், என்ன போத்தல், எவ்வளவு, ஏன் என்று மூன்று கேள்வி கேள். டிராக்டர் எண்ணெயை வாங்கிவிடாதே. போத்தலில் எழுதியிருப்பதையும் தகட்டில் எழுதியிருப்பதையும் நீயே பக்கத்தில் வைத்து வாசி. தகட்டைத் துடைத்து மினுக்கி வைத்திருக்கிறேன். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஊற்றுகிற துளையின் விளிம்பு வரைக்கும்தான் எண்ணெய் நிற்க வேண்டும். ஓடையில் இறக்கி ஏற்றினால் அடுத்த நாளே மூடியைத் திறந்து பார். எண்ணெய் பால் கலந்த தேத்தண்ணி நிறமாக இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, மாற்றிவிடு. எண்ணெய் மாற்றிய ஒவ்வொரு முறையும் வெட்டவெளியில் மெதுவாகப் பத்து எட்டுப் போடு, வலப்பக்கமும் இடப்பக்கமும். நான் போடாத எட்டு அது. நேற்றுப் பின்னேரம் பெக்டரி மைதானத்தில் நான் போட்டேன். வாட்ச்சர் பார்த்துவிட்டு, "என்ன பாஸ், கெழவனுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா?" என்று சிரித்தான். சிரிக்கட்டும்.

இன்னொன்று. குளிர்ந்த காலையில் குறுகலான திருப்பத்தில் நம் வண்டி மெல்ல ஒரு முறை முனகும். அந்த டிபரன்ஷலின் பிறவிக்குணம் அது. தட்டுகள் ஒன்றையொன்று பிடித்துப் பார்க்கின்றன, அவ்வளவுதான். வண்டி முனகுகிறது என்று யார் முன்னாலும் வெட்கப்படாதே. சத்தத்தை அடைக்கப் போய்த்தான் உன் அப்பா ஒரு உயிரை அடைத்தான்.

புதன்கிழமை அத்தை முன் சீட்டில் ஏறுவாள். பள்ளத்துப் பக்கம் பார்க்காமல் அவள் கையை ஒரு தரம் பிடித்துக்கொள், பிறகு ஸ்டியரிங்கைப் பிடி. மூன்றாம் வளைவில் மெதுவாகத் திருப்பு. பின்னால் இருந்து சின்னதாக ஒரு முனகல் வரும். திரும்பிப் பார்க்காதே, நிறுத்தாதே, போய்க்கொண்டே இரு. சத்தமே வராவிட்டால்தான் பிடி போயிருக்கும், அப்போது மட்டும் வண்டியை நிறுத்தி, அத்தையையும் கூட்டிக்கொண்டு இறங்கிவிடு.

அப்பா